பனி இறங்குறதுக்குள்ள பூசிடு

மொட்டை மாடியில் படகு கட்டப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அப்போ துணிய எங்கடா காயப்போடுறது?" நைனா அதைவிடச் சுருக்கமாகக் கேட்டார்: "எப்படி எறக்குவ?" இரண்டுக்கும் அன்று என்னிடம் பதில் கிடையாது. துணிக்கொடியை ஓரமாக நகர்த்திக் கட்டினேன். இறக்கும் சமாச்சாரத்தைப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன்.

வீடு புதுவண்ணாரப்பேட்டையில். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் நடந்தே போய்விடும் தூரம். காற்று திரும்பினால் கருவாட்டு வாசனை படுக்கையறை வரை வரும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் கடலுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. நைனா லாரி செட்டில் கணக்கு எழுதினார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். இழைப்புளி பிடிக்கத் தெரியாதவன் எழுதும் பதிவு இது. தச்சர்கள் படித்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கட்ட நினைத்தது சின்னப் படகுதான். தட்டையான அடி, கூரான அணியம் (படகின் முன்முனை), பின்பக்கம் ஒரு பலகை அடைப்பு, இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு வலிக்கலாம். எஞ்சின் கிடையாது. 8க்கு 4 அடி பிளைவுட் மூன்று வாங்கி, ஒன்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, அந்தப் பாதிகளை மற்ற இரண்டின் நுனியில் ஒட்டினால் ஏறக்குறைய 12 அடி நீளத்தில் இரண்டு பெரிய பலகை கிடைக்கும். ஒன்று படகின் அடிக்கு, இன்னொன்று இரு பக்கங்களுக்கு. மிச்சம் விழும் துண்டில் பின்பலகை. இந்தக் கணக்கைப் போட்ட நாள் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு அழகாக உட்கார்ந்தது.

வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில் 6 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கினேன். மரைன் என்று வாயால் சொல்லி விற்பார்கள், பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்று இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐ.எஸ். 303 என்றிருந்தால் அது அலமாரிக்கு, தண்ணீருக்கு இல்லை. மரைன் பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது என்பது சோதனை விதி. முத்திரையையும் நம்பாமல் ஒரு துண்டை அறுத்துப் பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு ஆறு மணி நேரம் கொதிக்கவைத்தேன். பிரியவில்லை. அந்த மாதம் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்ததற்கு இன்றுவரை நான்தான் காரணம்.

குளிர்காலத்தில் ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. குளிர் நாடுகளில் வீட்டிலேயே படகு கட்டுகிறவர்கள் எழுதியதையெல்லாம் படித்தால் பாதிப் பக்கம் குளிரோடு போடும் சண்டைதான். கார் ஷெட்டுக்குள் ஹீட்டர் வைக்கிறார்கள், படகை ஒட்டவும் பூசவும் எடுக்கும் ரெசின் பசை டப்பாவை வெந்நீரில் நிறுத்துகிறார்கள், ஒட்டிய இடத்தின் மேல் மின்சாரப் போர்வை போர்த்துகிறார்கள். எபாக்சி ரெசின் இறுகுவது ஒரு ரசாயன வினை. சூடு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், குறைந்தால் பாதியாகும். 10 டிகிரிக்குக் கீழே போனால், ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்ட்னர்கள் பல படுத்துத் தூங்கிவிடும். இங்கே ஜனவரி விடியற்காலையிலும் 20, 21. நமக்குக் கவலை நேர் எதிர்த் திசையில். மே மாதம் ஒரு கப் ரெசின் கலந்தால் பிரஷ் எடுப்பதற்குள் கப்பே சுட்டு, புகைந்து, கல்லாகிவிடும். ஆகவே கார்த்திகையில் தொடங்கி தை பிறந்ததும் முடித்துவிட்டால் சென்னையில் இதற்கு இதைவிட நல்ல பருவம் இல்லை என்று தீர்மானித்தேன். குளிரைப் பற்றி நான் நினைத்தது சரி. பனியைப் பற்றி நினைக்கவே இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தியே இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பலகை 12 கிலோவுக்கு மேல் வரும், ஈரக் காற்றில் அது பாய்போல் படபடக்கும். மூன்றையும் ஒவ்வொன்றாக இறக்கி ஹாலில் சோபாவுக்குப் பின்னால் நிறுத்தினோம். ஒரு வாரம் டி.வி.யைச் சாய்வாகத்தான் பார்த்தோம்.

டிசம்பர் 8, ஞாயிறு. பலகை இணைப்பு. இரண்டு பலகையின் விளிம்பையும் சரிவாக இழைத்து ஒன்றின் மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். தடிமனைப்போல் 8 மடங்கு சரிவு என்பது வழக்கம். 6 மி.மீ.க்கு 48 வரும், நான் 50 வைத்துக்கொண்டேன். பலகைகளை மாடிப்படி மாதிரி 50 மி.மீ. தள்ளித் தள்ளி அடுக்கி, ஒரேயடியாக இழைத்தால் எல்லாமே ஒரே சரிவில் வரும். பிளைவுட்டின் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே இருக்கும் பசைக்கோடுகள்தான் இதில் ரசமட்டம். அவை நூல் பிடித்ததுபோல் நேராகத் தெரிந்தால் சரிவு சரி. வளைந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. இழைப்புளி என் கைக்குப் பழகியது அந்த மூன்று மணி நேரத்தில்தான். பிளைவுட் பசை இரும்பைத் தின்றுவிடுகிறது, நான்கு முறை தகட்டைத் தீட்டினேன்.

ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க கிளாம்ப் போதவில்லை. பாலித்தீன் விரித்து, மேலே ஒரு மரச்சட்டம் வைத்து, அதன்மேல் வீட்டு அம்மிக்கல், இரண்டு மணல் மூட்டை, மாடியில் கிடந்த ஆட்டுக்கல். நைனா வந்து பார்த்து, "மாவாட்டப் போறியா?" என்றார்.

இங்கேதான் முதல் கோளாறு. காசிமேட்டில் ஃபைபர் படகு வேலை செய்யும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். முப்பது வருஷமாக ரெசினில் கை வைத்தவர். நான் ஆரம்பிக்கும்போதே அவரிடம் யோசனை கேட்டிருந்தேன். "பனிக்காலத்துல கேட்டலிஸ்ட் ஒரு மூடி சேத்து ஊத்தணும்பா, இல்லனா புடிக்காது" என்று சொல்லியிருந்தார். நானும் அன்று சாயங்காலம் ஹார்ட்னரை மூடிக் கணக்கில், ஒரு மூடி கூடவே ஊற்றினேன். டப்பாவில் எடைக்கு 100க்கு 10 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் டப்பா எழுத்து என்ன பெரிசு என்று தோன்றியது.

மறுநாள் சாயங்காலம் அம்மியை நகர்த்திப் பார்த்தால், வழிந்து நின்ற ரெசினில் நகம் பதிகிறது. இரண்டு நாள் விட்டேன், அப்போதும் ரப்பர் மாதிரிதான். பலகையைக் கொஞ்சம் வளைத்ததும் இணைப்பு தோல் உரிவதுபோல் பிரிந்து வந்தது.

அண்ணனிடம் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இன்னாபா இது, அல்வா மாரி கீது. எவ்ளோ ஊத்துன?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரு மூடி கூட ஊத்துனேன்ணா."

"நான் சொன்னது எங்க சரக்குக்குபா. ஒன்னுது வேற சரக்கு. டப்பால இன்னா போட்டுகீது?"

சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். அவர் தலையிலா என் தலையிலா என்று கேட்காதீர்கள்.

வித்தியாசம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உறைத்தது என்பதே சரியான சொல். ஃபைபர் படகுக்கு ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசின். அதில் கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் சேரும். வினையைத் தொடங்கிவைப்பதுதான் அதன் வேலை. பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல. குளிர்காலத்தில் அம்மா ஒரு கரண்டி கூட ஊற்றுவாள், தயிர் தோயும், யாருக்கும் நஷ்டமில்லை. எபாக்சியில் ஹார்ட்னர் அப்படி இல்லை. ரெசினோடு கைகோத்து அதுவும் கட்டுமானத்தில் நிற்க வேண்டிய கூட்டாளி. கைகோக்க ஆள் கிடைக்காத மிச்ச ஹார்ட்னர் உள்ளேயே சும்மா கிடந்து மொத்தத்தையும் இளக்கிவிடும். இட்லிக்கு உளுந்தை இரண்டு மடங்கு போட்டுவிட்டு, குளிர்காலம் அதனால்தான் என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்வாளா?

பாரிமுனையில் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். இந்த மொத்த வேலையில் ரூபாய்க்கு அதிகப் பலன் தந்த சாமான் அதுதான். விளிம்புகளைத் திரும்ப வெட்டி, திரும்ப இழைத்ததில் பலகை 2 அங்குலம் குட்டையானது. அந்த இரண்டு அங்குலம் படகிலும் குறைந்திருக்கிறது.

அவர் பட்டறையிலிருந்து அன்பாகக் கொடுத்தனுப்பிய ஃபைபர் மேட்டையும் பயன்படுத்த முடியவில்லை. அந்த மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் கரையாமல் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடி இழையில் நெய்த கண்ணாடித் துணியைத் தனியாக வாங்கி 3 அங்குலப் பட்டைகளாக வெட்டிக்கொண்டேன். அதன் தூள் கையில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை இணைப்பு கல் மாதிரி இருந்தது. ஒட்டிய துண்டொன்றை வேண்டுமென்றே முழங்காலில் வைத்து உடைத்தேன். மரம் உடைந்தது, இணைப்பு பிரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிறுதான் எனக்கு மிகப் பிடித்த நாள். வெட்டிய பலகைகளின் ஓரத்தில் நான்கு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து முறுக்குவது. மோட்டார் காயில் கட்டும் கடையில் 18 கேஜ் கம்பி கிடைத்தது. காலையில் தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள், அணியத்தில் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கியதும் சட்டென்று நெஞ்சை நிமிர்த்தி எழுந்து படகாகிவிடுகின்றன. பக்கத்து மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த பையன்கள் பட்டத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஒட்டுவதற்கு முன்னால் தைத்து உருவம் கொண்டுவரும் இந்த முறையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த மிரர் என்ற சிறிய பாய்ப்படகு. ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் சேர்ந்து வடிவமைத்தது.

ஆனால் பலகையைத் தைப்பது இந்தக் கரைக்குப் புதிதா? மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் எட்ட நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். ஆணி கிடையாது, தென்னங்கயிற்றால் பலகையோடு பலகை தைத்தவை. ஆணி அடித்த படகு இந்த அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அந்தத் தையல்தான் கடைசிவரை படகைப் பிடித்திருக்கும். என் தையல் ரெசின் இறுகும்வரைதான், அப்புறம் கம்பியை வெட்டி உருவிவிட வேண்டும். செம்புக் கம்பி முறுக்கும்போது அந்தக் கயிற்றுக்காரர்கள் நினைவு வந்தது, அவ்வளவுதான். அவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளும் தைரியம் எனக்கில்லை.

டிசம்பர் 22. பலகைகள் சேரும் உள்மூலையில் ரெசினும் மரத்தூளும் குழைத்த களிம்பை வைத்து, கரண்டியின் முதுகால் இழுத்து, மூலையை உருட்டிவிட வேண்டும். அதன்மேல் கண்ணாடித் துணிப்பட்டை, அதன்மேல் ரெசின். களிம்பு வேர்க்கடலை வெண்ணெய் பதத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம் கைக்குத் தெரிந்த பதத்தில் சொன்னால் கெட்டியான எள்ளுருண்டைப் பாகு ஆறுவதற்கு முன் இருக்குமே, அது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் தயங்கித் தயங்கி விழ வேண்டும். களிம்பு வேலையே மத்தியானத்தை விழுங்கிவிட்டது. பட்டை ஒட்டி ரெசின் பூசி முடிக்கும்போது மணி ஆறரை. மார்கழி பிறந்து ஒரு வாரம். பளிச்சென்று நட்சத்திரம், மேகமே இல்லை. மழை வராது என்று சந்தோஷமாகத் தார்ப்பாயைக்கூட அரைகுறையாகப் போர்த்திவிட்டுப் போய்ப் படுத்தேன்.

விடியற்காலை கோயில் ஒலிபெருக்கி எழுப்பியது. மேலே போனால் தார்ப்பாயின் மேல் மழை பெய்ததுபோல் தண்ணீர். ரெசின் இறுகியிருந்தது, ஆனால் தொட்டால் வழவழவென்று, மீன் கழுவிய கைபோல ஒரு பிசுக்கு. இன்னும் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஒரு நாள் விட்டேன். போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், இரண்டு இழுப்பில் தாள் அடைத்துக்கொண்டது. சரி என்று அதன்மேலேயே அடுத்த பூச்சைப் பூசினேன். அது நாணயம் நாணயமாகச் சுருங்கி ஒதுங்கியது. காய்ந்த பிறகு நகத்தால் கெல்லினால் உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது.

இந்த முறை அண்ணனையே மாடிக்கு அழைத்துவந்தேன். படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை வைத்து நீளமாக ஒரு தடவு தடவினார். கையை மோந்து பார்த்தார்.

"பனி குடிச்சிகீது தம்பி. எத்தினி மணிக்குப் பூசுன?"

"ஆறரைக்குண்ணா."

"மார்கழில நாலு மணிக்கு மேல நாங்க பிரஷ்ஷயே தொடமாட்டோம். பனி இறங்குறதுக்குள்ள பூசிடு. இல்லனா பூசாத."

ரெசின் சங்கதியில் அவர் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். பனி சங்கதியில் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து எனக்கும் பொருந்தியது. பனி வானத்திலிருந்து இறங்குவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மேகமில்லாத இரவில் தகரமும் பலகையும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், கடலோரக் காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அவற்றின்மேல் படியும். நான் சந்தோஷப்பட்ட அந்த நட்சத்திர வானம்தான் காரணம். மேகமிருந்த இரவுகளில் பூசியது ஒன்றும் ஆகவில்லை. இறுகிக்கொண்டிருக்கும் எபாக்சியின் மேற்பரப்பில் இருக்கும் ஹார்ட்னர், இந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து ஒருவகை உப்பாகிவிடுகிறது. அந்தப் பிசுக்கு அதுதான். அது தண்ணீரில் கரையும். உப்புத்தாளால் தேய்ப்பது அதை இன்னும் நன்றாகப் பரப்பிவிடும் வேலை. வெறும் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், இவ்வளவுதான் மருந்து. முதலில் கழுவு, துடை, காயவிடு, அப்புறம் உப்புத்தாள். ஒரு வாரம் நான் ஆடிய ஆட்டம் ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்தது.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் வேண்டாமென்றால் காலை என்று அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கே உள்பக்கம் முழுக்க முதல் பூச்சு பூசினேன். வெயில் ஏறியது. பத்து மணிக்குப் பார்த்தால் பூச்சு முழுக்கக் குமிழி, தோசைக்கல்லில் ஊற்றிய ஆப்ப மாவுபோல. மரத்துக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிந்து ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இறங்குமுகமான சூட்டில் பூச வேண்டும், ஏறுமுகத்தில் பூசக் கூடாது என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. அந்தக் கையேடுகள் சொல்லும் இறங்குமுகம் சாயங்காலம். நம் சாயங்காலத்தில் பனி. காலையில் குமிழி, மாலையில் பிசுக்கு, நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

கடைசியில் பிடித்த முறை இது. காலை முழுக்கப் படகு வெயிலில் கிடக்கட்டும், மரம் உள்ளே வரை சூடேறட்டும். ஒன்றரை மணிக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டி நிழல் போட வேண்டும். அரை மணி நேரத்தில் மரம் சூட்டை விட ஆரம்பிக்கும். இரண்டு மணிக்குப் பூச்சு. மரம் குளிரக் குளிர உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரெசினைத் தன் பக்கம் உறிஞ்சிக்கொள்ளும். குமிழி ஒன்றுகூட வராது. நாலரைக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். ஐந்தரைக்குத் தார்ப்பாயை நான்கு பக்கமும் இறக்கிக் கூடாரமாக்கி, உள்ளே இரண்டு 100 வாட் குண்டு பல்பு. கடையில் குண்டு பல்பு கேட்டபோது, "கோழிக்குஞ்சு வளக்குறீங்களா?" என்றார்கள். குளிர் நாட்டுக்காரன் இதே கூடாரத்தையும் பல்பையும் ரெசின் இறுகுவதற்காக வைக்கிறான். நான் வைப்பது பலகை காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்தால் போதும், ஈரம் படியாது என்பதற்காக. தார்ப்பாயின் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும், அதற்கு ஒரு பழைய வேட்டியை உள்ளே விதானம்போல் கட்டினேன். பல்பு துணியிலோ தார்ப்பாயிலோ படாமல் ஓர் அடியாவது தள்ளியிருக்க வேண்டும். படுக்கப்போகுமுன் ஒருமுறை, நடுராத்திரி ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ரெசின் விஷயத்தில் அழவே இல்லை. வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடித் துணி போர்த்தியது, ஓரத்துக்குச் சட்டம் வைத்தது, இருக்கைப் பலகை போட்டது எல்லாம் மூன்று வாரத்தில் சத்தமில்லாமல் நடந்தன.

ஒன்றே ஒன்று. ஜனவரி 12 மத்தியானம் உள்பக்கம் கடைசித் தெளிபூச்சு. கணக்கில் போகியை மறந்துவிட்டேன். மறுநாள் விடியும்போது தெருவுக்குத் தெரு டயரும் பாயும் எரிகிறது, மாடி முழுக்கப் புகை. கூடாரம் பெரும்பாலும் காப்பாற்றியது. அணியத்துப் பக்கம் தார்ப்பாய் கொஞ்சம் விலகியிருந்திருக்கிறது, அங்கே மட்டும் கருப்புப் பொட்டு பொட்டாகக் கரித்தூள் ரெசினுக்குள் சமாதியாகிவிட்டது. தேய்த்து எடுக்கலாம்தான். எடுக்கவில்லை.

எபாக்சிக்கு வெயில் ஆகாது. பெயின்டோ வார்னிஷோ இல்லாமல் வெளியில் வைத்தால் மஞ்சளித்து, வெளுத்து, மாவாக உதிரும். வெளிப்பக்கத்துக்குக் காசிமேட்டுக் கடையில் படகுக்கு அடிக்கும் நீலம் வாங்கி இரண்டு கோட்டிங் கொடுத்தேன். உள்ளே வெயில் தாங்கும் வார்னிஷ். பெயின்ட் அடித்தது எப்படி என்று எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் அடிப்பதுபோல்தான்.

இப்போது நைனாவின் கேள்வி. எங்கள் மாடிப்படி இரண்டடி ஒன்பது அங்குல அகலம், நடுவில் ஒரு திருப்பம். படகு வாய் அகலத்தில் நாலடியைத் தொடும். தெருப்பக்கம் இறக்கலாமென்றால் கேபிள் டி.வி. கம்பியும் இன்டர்நெட் கம்பியும் கொடிபோல் ஓடுகின்றன. பின்பக்கச் சந்துதான் வழி. அண்ணன் தன்னோடு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, வலைப்படகுக் கயிறு இரண்டு சுருளோடு வந்தார். கைப்பிடிச் சுவரின்மேல் இரண்டு சவுக்குக் கொம்பைச் சாய்த்துச் சந்துவரை இறக்கிக் கட்டினார்கள். படகின் அணியத்துக்கும் பின்பலகைக்கும் தனித்தனிக் கயிறு, இரண்டையும் தண்ணீர்த் தொட்டித் தூணில் ஒரு சுற்று சுற்றி, பிடித்துப் பிடித்து விட்டார்கள். படகு கொம்பின்மேல் சறுக்கிக்கொண்டு போய்க் கீழே நின்றது. எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு மாதமாக நான் இதை நினைத்து விழித்துக் கிடந்த இரவுகளை எண்ணினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கீழே பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம்: 47 கிலோ. நைனா கீழே நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இறங்கி முடிந்ததும், "சரி, திரும்ப எப்படி ஏத்துவ?" என்றார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்பாடி வண்டியில் படகைக் கவிழ்த்துக் கட்டி, விடியுமுன் கிளம்பினோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு நீலப் படகு தலைகீழாகப் போவதை டிரைவர்கள் எட்டிப்பார்த்தார்கள். கடலில் இறக்கும் நினைப்பு எனக்கு இல்லை, இந்த அலை தெரிந்தவர்களுக்குத்தான் அது. எண்ணூர் கழிமுகத்தில், முகத்துவாரத்தின் இழுப்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, குப்பத்து ஆட்களிடம் கேட்டுவிட்டு ஓர் இடத்தில் இறக்கினோம். எனக்கும் அண்ணனுக்கும் லைஃப் ஜாக்கெட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இறங்கிய கழிமுகம் இது. அந்த எண்ணெய் தங்கள் வலையையும் படகையும் என்ன செய்தது என்று கரையில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொண்டே என் படகின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். "தகரம் மாரி சத்தம் வருதே, ஒடையாதா?" என்றார். அண்ணன் எனக்கு முந்திக்கொண்டு, "ஒடையாது பெரிப்பா. நூத்துக்குப் பத்து ஊத்தினது" என்றார்.

மிதந்தது. வாடைக்காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிடம் நான் துடுப்பு வலிக்கவே இல்லை, குனிந்து மூலை மூலையாகத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தையல் துளைகளில் ஒன்றுகூடக் கசியவில்லை. பின்பலகையின் அடியில், வடிகால் துளை அடைப்பானைச் சுற்றி மட்டும் ஈரம் கசிந்தது, ரப்பர் வாஷர் மாற்றினால் போதும். அண்ணன் பின்னால் உட்கார்ந்ததும் அணியம் தூக்கிக்கொண்டு பார்வையை மறைத்தது, அவர் முன்னால் வந்ததும் மூக்கு தண்ணீரைக் குத்தியது. இருக்கைப் பலகையை நான் அணியத்தை ஒட்டி வைத்துவிட்டேன். நான்கு அங்குலம் பின்னால் தள்ள வேண்டும்.

அதற்குப் பழைய களிம்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். இனி வருவது வெயில் காலம், கப்பு கையிலேயே சுடும். ஒரு நேரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கலக்காமல், காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். படகு இப்போது அண்ணனின் பட்டறை ஓரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. மாடியில் துணி காய்கிறது.